எந்நேரமும் விடிந்த குழு

ஆலங்காட்டு ஏரியில் ஓர் ஆமை இருந்தது. மங்கோலியாவில் ஒரு வாத்து, லண்டனில் ஒரு நரி, ஆஸ்திரேலியாவில் ஒரு கங்காரு. நான்கும் ஒரே ஆன்லைன் வகுப்பில் படித்தன.

ஆசிரியர் ஆந்தை நால்வருக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தது. "குளிர்காலத்துக்கு வாத்துக் கூட்டம் வழக்கம்போல் ஆலங்காட்டு ஏரிக்கே போகலாமா? கலந்து பேசி முடிவு சொல்லுங்கள்."

"என் குஞ்சுக்கு இதுதான் முதல் பயணம். விளையாட்டாக இருந்துவிடாதீர்கள்" என்றது வாத்து.

நரி உடனே போனில் ஒரு குழு தொடங்கியது. "குழு என்றால் கலகலப்பு வேண்டும். தினமும் எல்லோரும் காலை வணக்கம் போடுங்கள்!"

போட்டன. ஆனால் நாலு பேருக்கும் நாலு ஊர். ஒருவருக்கு இருட்டும்போது இன்னொருவருக்கு விடியும். அதனால் அந்தக் குழுவில் எந்நேரமும் காலை வணக்கம்தான். ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி, சூரிய உதயம். இந்தக் கூத்தில் வேலையை யார் பார்ப்பது?

ஆமை பார்த்தது. மழை பொய்த்து ஏரி வறண்டதும், "இங்கே தண்ணீர் இல்லை. வர வேண்டாம்" என்று எழுதியது. நரி படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. கங்காருவும் அப்படியே. அப்புறம் வரிசையாக ரோஜாப்பூக்கள் வந்து விழுந்தன.

வாத்திடமிருந்து பதில் இல்லை. திரும்பச் சொன்னால் நச்சரிப்பு என்பார்களே என்று ஆமை கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டது.

வாத்துக் கூட்டம் இமயமலையைத் தாண்டி வந்து இறங்கியது. ஏரியில் வெடித்த சேறுதான் இருந்தது.

"வர வேண்டாம் என்று எழுதினேனே, பார்க்கவில்லையா?" என்றது ஆமை.

"குழுவைத் திறந்தாலே பூவும் காபியும். சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. சொல்லியிருக்கலாம்தான்.

அடுத்த ஏரி வெகு தொலைவு. முடிந்தவை எழுந்து பறந்தன. வாத்தின் குஞ்சு எழவில்லை.

நடந்ததை ஆமை குழுவில் எழுதியது. நரி உடனே கட்டைவிரலைத் தூக்கியது. அதன் கீழே கங்காரு ஒரு ரோஜாப்பூவைப் போட்டது: "இனிய காலை வணக்கம்!"

கூடிச் செய்யும் வேலையில், ஆயிரம் வணக்கம் போடுவதைவிட, சொன்ன சேதி உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்பதே நட்பு.