ஆவுடையான் பெயர் பலகையிலிருந்து அழிந்த கதை

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுது போகாமல் இருப்பதே குடிகளுக்குப் பெரிய ஆபத்தாக இருந்த காலத்தில், மகரகேது என்று ஒரு மன்னர் இருந்தார். ஒருநாள் காலை அவருக்கு மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற ஆசை வந்தது. ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். பின்னால் ஒருவன் வெண்குடை பிடித்துக்கொண்டு வந்ததால் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரியே நடித்து, அவர் காதில் விழும்படி அவரைப் புகழ்ந்தார்கள். பூரித்துப்போய் நடந்த மன்னர், சந்தை மண்டபத்தின் முன்னால் சட்டென்று நின்றார். அங்கே தொங்கிய மரப்பலகையில் காவியால் சில பெயர்கள் எழுதியிருந்தன. முதல் பெயர், அவருடைய சொந்த விகடகவி ஆவுடையானுடையது.

வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கட்டாதவர்களின் பெயரை அந்தப் பலகையில் எழுதுவது அந்த ஊர் வழக்கம். ஆவுடையானின் பெயர் ஏறி நாலு வருஷம் ஆகியிருந்தது. பொய்யாக யாரும் எழுதவில்லை. சபையில் இடம் கிடைத்த புதிதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினான். குதிரை என்றால் அவனுக்குப் பயம் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கடனுக்கு ஆறு ஜரிகைத் தலைப்பாகை வாங்கினான். தலை ஒன்றுதான் இருந்தது. போதாததற்கு, மைத்துனன் கப்பல் வியாபாரம் செய்யப்போகிறேன் என்றதும் ஜாமீன் கையெழுத்தும் போட்டான். கடலே இல்லாத ஊரில் கப்பல் எதற்கு என்று கேட்க அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

பிறகு குதிரையை விற்று, தலைப்பாகைகளை விற்று, பட்டினி கிடந்து, கடைசிக் காசு வரை கட்டி முடித்தான். ஆனாலும் அவன் தெருவில் வருவதைப் பார்த்தால் கடைக்காரர்கள் தராசை உள்ளே எடுத்து வைத்தார்கள். அது அவனுக்கு மிகவும் வலித்தது.

மன்னர் சபை கூட்டினார். ஆவுடையானைப் பார்த்தாலே வயிறெரியும் கருவூலத் தலைவர் அபரஞ்சிநாதர் முந்திக்கொண்டு எழுந்தார்.

"வேந்தே, நாணயம் கெட்டவன் சபையில் நிற்பது தங்கள் அரியணைக்கே இழுக்கு."

"அப்படியே நாமும் கருதுகிறோம்" என்றார் மன்னர். "ஆவுடையானே, நாற்பது நாளில் உன் பெயர் பலகையிலிருந்து அழிய வேண்டும். தவறினால் நாற்பத்தோராம் நாள் நீ குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

"வேந்தே, கடன் முழுவதையும் கட்டிவிட்டேனே!"

"கட்டினால் கடன்தான் தீரும், பெயர் அழியாது" என்று அபரஞ்சிநாதர் கனிவாகச் சொன்னார். "ஏழு வியாபாரிகள் வந்து, 'இவனுக்குக் கடன் கொடுத்தோம், சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தான்' என்று சாட்சி சொன்னால்தான் அழியும். அது முதல் விதி. பலகையில் பெயர் உள்ளவனுக்குப் பொன்னோ, நெல்லோ, துணியோ, வேறு பண்டமோ கடன் கொடுக்கிறவனின் கடைக்கு முத்திரை வைக்கப்படும். அது இரண்டாம் விதி."

இரண்டு விதிகளையும் அவரேதான் எழுதினார், ஒரே நாளில். முதலாவதைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் இரண்டாவதைச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் எழுதியதால், ஒன்றுக்கொன்று எப்படி ஒத்துப்போகும் என்று யோசிக்கவில்லை. நாலு வருஷமாகப் பலகையில் ஏறிய ஒரு பெயர்கூட இறங்கவில்லை. கடைவீதியின் நாணயம் உயர்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று மன்னரிடம் சொல்லி அவர் ஒரு பதக்கமும் வாங்கியிருந்தார்.

ஆவுடையான் மூன்று நாள் அந்த இரண்டு விதிகளையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நாலாம் நாள், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த உலகம்மாளின் வாசலில் போய் நின்றான். அவன் கடைசியாகக் கடன் அடைத்தது அவளுக்குத்தான்.

"என்னய்யா, இங்க எதுக்கு வந்த? ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்தாலும் என் செக்குக்கு முத்திரை வச்சிருவானுங்க."

"எண்ணெய் வேண்டாம்மா. எங்க வீட்டுக் கிணறு தூர்ந்துபோச்சு. ஒருநாள் வந்து தூர் வாரிக் கொடுங்க. நீங்க சொல்ற நாள்ல நான் உங்ககிட்ட வந்து ஒருநாள் வேலை செஞ்சு கழிச்சிடறேன். வயக்காட்டுல மாத்தாள் போறாங்கல்ல, அது மாதிரி."

உலகம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என் காசுக்காக என்னை எத்தனை தடவ உன் வீட்டுக்கு நடக்க விட்ட?"

"பதினோரு தடவைம்மா."

"நெனப்பு இருக்குதா?"

"ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நின்னேன். எப்படிம்மா மறக்கும்?"

அவள் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "ஒளிஞ்ச. அப்புறம் எட்டுத் தவணையில நீயா கொண்டாந்து கொடுத்த. அதையும் சேர்த்துத்தான சொல்லணும்" என்றாள். "வரேன். ஆனா நான் சொல்ற நாள்ல நீ வரல, உன்னை அந்தக் கிணத்துலயே தள்ளிருவேன்."

உலகம்மாளே போகிறாள் என்றதும் அவன் கேட்டுப்போன மற்ற வியாபாரிகளும் கணக்குப் போட்டார்கள். அரசரின் விகடகவி ஒருநாள் கடையில் நின்றால் கூட்டம் எப்படி அள்ளும்! போனால் ஒருநாள் வியர்வைதான். ஆறு வியாபாரிகள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். ஏழு பேரும் சேர்ந்து பொழுது சாய்வதற்குள் கிணற்றைத் தூர் வாரி முடித்தார்கள்.

விஷயம் தெரிந்து அபரஞ்சிநாதர் மன்னரிடம் ஓடினார். "வேந்தே, ஏழு பேர் விதியை மீறி அவனுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்!"

மன்னர் விதி எழுதிய ஓலையை வாங்கிப் படித்தார். "பொன், நெல், துணி, பண்டம். உழைப்பு என்று இதில் இல்லையே?"

"உழைப்பையும் கடன் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, வேந்தே."

"ஐயாவுக்கு அதில் பழக்கம் இல்லை" என்றான் சபையில் நின்ற ஆவுடையான் பணிவாக.

மன்னர் மீசைக்குள் சிரித்தார். "கொடுத்தது கடன்தான். ஏழு பேருக்கும் சொன்ன நாளில் திருப்பிவிட்டால் பெயர் அழியட்டும். ஒருவருக்குத் தவறினாலும் அழியாது."

ஆவுடையான் மிளகாய் மண்டியில் தும்மித் தும்மி மூட்டை தூக்கினான். ஜவுளிக் கடையில் நூறு வேட்டி மடித்தான். இப்படி ஆறு பேர் கணக்குத் தீர்ந்தது. உலகம்மாள் குறித்துக் கொடுத்தது நாற்பதாம் நாள். அன்று விடியற்காலையில் அவன் தலையில் சும்மாடு வைத்து, எண்ணெய்க் குடத்தை ஏற்றிவிட்டாள்.

"தெருத்தெருவா வித்துட்டு வா. ரொக்கம் கொடுத்தா ஊத்து. கடன் யாருக்கும் கிடையாது." சொல்லிவிட்டு, குடத்தின் மேல் உள்ள அக்கறையால் தானும் பின்னாலேயே நடந்தாள்.

நாலு தெரு போவதற்குள் ஒரு சேவகன் ஓடிவந்து ஓலையை நீட்டினான். 'அரசருக்கு இப்போதே சிரிக்க வேண்டும். எந்த நிலையில் இருக்கிறாயோ அந்த நிலையிலேயே உடனே சபைக்கு வா.' மன்னருக்கு அந்த ஆசையை மூட்டிவிட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போனால் உலகம்மாளுக்குக் கொடுத்த வாக்குப் போகும். போகாவிட்டால் தலை போகும்.

உலகம்மாளின் முகம் இருண்டது. "பாவிங்க, கடைசி நாள்ல வச்சுட்டானுங்களே. நீ போய்யா, தலை முக்கியம்."

ஆவுடையான் ஓலையை மறுபடி படித்தான். "நீங்க எந்தெந்தத் தெருன்னு சொல்லலியேம்மா?"

"இல்ல."

"அப்ப அரண்மனைத் தெருவுல விப்போம், வாங்க."

சபையில் எல்லோரும் காத்திருந்தார்கள். "எண்ணெய்! நல்லெண்ணெய்! செக்குல ஆட்டின சுத்த எண்ணெய்!" என்று கூவிக்கொண்டு, தலையில் குடமும் இடுப்பில் உழக்குமாக ஆவுடையான் அரியணைக்கு நேரே வந்து நின்றான். மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"வேந்தே, இருந்த நிலையிலேயே வந்துவிட்டேன். தங்களுக்கு எத்தனை உழக்கு?"

மன்னர் பத்து உழக்கு வாங்கி ரொக்கம் எண்ணிக் கொடுத்தார். அரசர் வாங்கினால் சபை சும்மா இருக்குமா? மந்திரி, தளபதி, ஜோசியர் எல்லோரும் மடியை அவிழ்த்தார்கள். தன் பொறி தன் கண்ணெதிரே காசாக மாறுவதைப் பார்த்த அபரஞ்சிநாதர், தானும் வாங்காவிட்டால் தப்பாகிவிடுமே என்று, வழக்கமான மிடுக்கில் கையை வீசினார்.

"நம் வீட்டுக்கும் இரண்டு படி அனுப்பு. பழைய பாக்கியோடு சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்."

மன்னர் சிரிப்பை நிறுத்தினார். "பழைய பாக்கியா?"

வாசலில் நின்ற உலகம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள். "மூணு வருஷ பாக்கி சாமி. தீபாவளி எண்ணெயும் சேர்த்து. கேக்கப் போனா, 'பலகை யார் கையில இருக்குன்னு தெரியும்ல'ம்பாரு."

"பலகையில் இவர் பெயர் இல்லையே?"

"எழுதுறவரே அவருதான சாமி."

அன்றே அபரஞ்சிநாதரின் பெயரைப் பலகையில் ஏற்றவும், அவர் எழுதிய இரண்டு விதிகளையும் அடுப்பில் போடவும் மன்னர் உத்தரவிட்டார். கடனை முழுக்கக் கட்டியவன் பெயர் அன்றைக்கே அழியும் என்று புது விதி பிறந்தது.

"வேந்தே, இனி நான் எப்படிக் கடைவீதியில் தலைகாட்டுவேன்?" என்று அபரஞ்சிநாதர் தழுதழுத்தார்.

"மிளகாய் மண்டியில் ஆள் தேவை ஐயா. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றான் ஆவுடையான்.

மன்னர் அடக்க முடியாமல் சிரித்து, நூறு பொற்காசு முடிப்பை நீட்டினார். ஆவுடையான் கையை நீட்டவில்லை.

"மன்னியுங்கள், வேந்தே. இன்றைய பொழுது என்னுடையது அல்ல. இன்று என் கைக்கு வருவதெல்லாம் இந்த அம்மாவுக்குச் சேரும். பரிசை நாளைக்குக் கொடுங்கள்."

"அப்படியே. நாளைக் காலை தருகிறோம்."

"நல்லது, வேந்தே. சொன்ன நாள் தவறக் கூடாது. பலகையில் இன்னும் நாலு வரி காலியாக இருக்கிறது."

ஜோசியர் பயந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது.

புது விதிப்படி சாட்சி தேவையில்லை என்றாலும், பொழுது சாயும் நேரத்தில் ஏழு பேரும் சந்தை மண்டபத்தில் கூடினார்கள். "கொடுத்தேன். சொன்ன நாள்ல வந்துச்சு" என்று கடைசியாக உலகம்மாள் உரக்கச் சொல்லி, எண்ணெய்க் கையாலேயே அந்தப் பெயரைத் தேய்த்து அழித்தாள். ஆவுடையான் ஊரையே சிரிக்க வைத்தவன். அன்று எல்லோர் முன்னாலும் அழுதான்.

மறுநாள் காலை அவன் கதவைத் திறந்தபோது, இன்னும் சூரியன் உதிக்கவில்லை. வாசலில் குடையும் இல்லாமல், ஒட்டுத்தாடியும் இல்லாமல், நூறுக்குப் பதில் இருநூறு பொற்காசோடு மகரகேது மன்னர் நின்றுகொண்டிருந்தார்.

"நேரத்துக்கு வந்துவிட்டோம் அல்லவா?" என்று கேட்டார், கொஞ்சம் கவலையோடு.