கொதிக்கும் படையல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு மடத்தில் சமையல் பார்க்கும் மாசானம், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. கடைசியில் நானே விசாரித்ததைத் தவிர, அவர் சொல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை.

அந்த மடத்தின் குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் குற்றாலிங்கமோ ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். தலை முழுக்க நரை. மகன் வயதுக்காரரிடம் தீட்சை வாங்கியதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

மடத்தை உண்டாக்கிய ஆதி குருநாதரின் மரப் பாதுகை, இடுப்புயரக் கல்மேடையில் இருக்கும். குருபூசை அன்று பாயச அண்டாவை அடுப்பிலிருந்து நேரே தூக்கி வந்து, ஆவி அடங்குமுன் மேடைக்குக் கீழே தரையில் வைத்துப் படைப்பார்கள். போன வருஷம் கும்பிடும் நெரிசலில், அந்த ஊர்ப் பேச்சியம்மாளின் சின்ன மகள் தடுமாறி அண்டாவுக்குள் கைகளை ஊன்றிவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடியவர் குற்றாலிங்கம். குழந்தை பிழைத்துக்கொண்டாள். வலது கை விரல்கள் ஒட்டிப்போனது ஒட்டியதுதான்.

இனி ஒரு பிள்ளைக்கும் இப்படி நடக்காது என்று பேச்சியம்மாளிடம் அவர் சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சுவரெல்லாம் எழுதி ஒட்டினார். குருபூசை அன்று காலையில் மைக்கைப் பிடித்தார்.

“தாய்மார்களே, பிள்ளைகளை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க.”

தாய்மார்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தபடியே, தன் பிள்ளையை முதலில் கும்பிட வைக்கலாமென்று ஒவ்வொருத்தியும் முன்னால் நெருக்கினாள்.

“இன்ஸ்பெக்டரய்யா, கொஞ்சம் நகந்துக்கோங்க. பிள்ளைக்குப் பாதுகை தெரியல” என்றாள் ஒருத்தி.

அவர் மைக்கை அணைத்துவிட்டுக் குருவிடம் போனார்.

“சாமி, எல்லாரும் கேட்டாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. நான் இன்னும் என்ன சொல்லணும்?”

“தொண்டை கட்டிருச்சே. தண்ணி குடிங்க” என்றார் குரு.

அதற்குள் மாசானமும் மற்றவர்களும் மூங்கிலில் கோத்த அண்டாவைத் தோளில் சுமந்து வந்துவிட்டார்கள். குரு எழுந்தார். நேரே மேடைக்குப் போனார். பூசையின்போதுகூட யாரும் அசைக்காத பாதுகையை இரண்டு கையாலும் எடுத்து, தரையில் வைத்தார்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

“அண்டாவை மேல வைங்க.”

யாரும் நகரவில்லை.

“சாமிக்குப் புத்தி பேதலிச்சிட்டு” என்று கூட்டத்துக்குள் ஒரு குரல் கேட்டது.

“யாராவது ஒண்ணு முடிவு பண்ணுங்கய்யா. தோள்பட்டை கழலுது” என்றார் மாசானம்.

காலையும் மாலையும் தன் நெற்றி படும் இடம் காலியாக இருந்ததைக் குற்றாலிங்கத்தால் பார்க்க முடியவில்லை.

“மேல வைங்கன்னேன்.”

அண்டா மேடையேறியது. கல்லில் அது உரசிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். போகிற போக்கில் ஒரு கிழவர் துண்டை உதறிவிட்டுப் போனார்.

“சாமி…” குற்றாலிங்கம் பாதுகையருகே குனிந்தார். “ஜனங்க மிதிக்கிற இடத்துலயா குருநாதர்?”

குரு பாதுகைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“இவர் மேல விழுற பிள்ளை எழுந்து ஓடிரும் அய்யா.”

பிறகு நான் அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். அன்று வெளியேறிய குடும்பங்களில் சில, இன்னும் மடத்துக்கு வருவதில்லை. பாதுகை தரையில்தான் இருக்கிறது.