ரெசிஸ்டர் கேட்ட பாட்டு

"இன்னும் சரியா வரலை டீச்சர்," என்றார் சிற்றம்பலம்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொண்டவர் அவர். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு அவர் மகள் வயது. இன்று அவளைத் தன் வீட்டு மாடி அறைக்கே அழைத்து வந்துவிட்டார்.

அவர் மனைவி தெய்வானைக்கு ஒரு காய்ச்சலில் ஒரு காது போனது. அன்றோடு பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டாள். அவளுக்காகத் துளி சிதைவும் இல்லாமல் பாடுகிற ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடித்து நாளாயிற்று. சிதைவை அளப்பதுதான் முடியவில்லை.

சாப்பாடு மாடிக்கு வந்தது. தெய்வானை கீழே தனியாகச் சாப்பிட்டாள்.

பர்வீன் சிதைவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். தான் கட்டியது எதுவும் இவ்வளவு சுத்தமாக அளவு காட்டியதில்லை என்றாள்.

"இது போதாது டீச்சர்."

அவள் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் மாட்ட வேண்டிய இடத்தில் தடித்த ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. சத்தமில்லாமல் அளக்க எல்லோரும் செய்வதுதான்.

"ஸ்பீக்கர் மாட்டிப் பார்த்தீங்களா சார்?"

"அளவு சரியாகட்டும்னு இருக்கேன்."

"அப்போ இத்தனை நாளும் பாட்டுக் கேட்டது இந்த ரெசிஸ்டர்தான்."

சுவிட்சை அணைத்தாள். ரெசிஸ்டரைக் கழற்றி, மூலையில் கிடந்த ஸ்பீக்கரைத் தூசி தட்டி மாட்டினாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. சோதனை விசில் அறையை நிறைத்தது.

மீட்டரின் முள் ஏறியது.

சிற்றம்பலத்தின் முகம் வாடிவிட்டது. எங்கே தப்பு என்று கேட்டார்.

"தப்பு எதுவும் இல்லை சார். ரெசிஸ்டர் கொடுத்ததை வாங்கிக்கும். ஸ்பீக்கர் திருப்பிப் பேசும்."

சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய், தெய்வானையை மேலே வரச் சொன்னாள். வேண்டாம் என்று அவர் கை காட்டியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. விசிலை நிறுத்திப் பாட்டு ஒன்றைப் போட்டாள்.

தெய்வானை முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். கேட்கும் காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி நின்றாள்.

"கொஞ்சம் கரகரன்னு இருக்கு," என்றாள்.

சிற்றம்பலத்தின் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

தெய்வானை பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்கும் காதின் பக்கம் கிடந்த ஒயர்களை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"நீங்களும் உட்காருங்க."