காக்கைக் கடையும் தூக்கணாங்குருவியும்

குளக்கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் சின்னராசு என்ற ஆண் குருவி நல்ல வேலைக்காரக் குருவி. நெல்வயலுக்குப் பறந்து போகும். நெல்தாளை நீளமாகக் கிழித்து நாராக்கும். அதை அலகில் கவ்விக்கொண்டு வந்து, ஓலை நுனியில் தலைகீழாகத் தொங்கியபடி பின்னும். அது போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாதாம். இதை நான் சொல்லவில்லை. சின்னராசுவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியும்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். பெண் குருவி வந்து அதைச் சோதித்துப் பார்க்கும். இழுத்துப் பார்க்கும், தொங்கிப் பார்க்கும், உள்ளே உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் மீதியைக் கட்டச் சொல்லும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். போன வருஷம் சின்னராசுவின் கூடு பாதியோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால் அதற்கு இருமல் வந்துவிடும்.

இந்த வருஷம் செவந்தி என்ற பெண் குருவி வந்தது. கூட்டை அரை நாழிகை சோதித்தது.

"பின்னல் நெருக்கமா இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றது செவந்தி.

சின்னராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நானே கிழிச்ச நாருங்க" என்றது.

"வாசல் குழாய் மட்டும் பின்னணும். உள்ளே களிமண் அப்பணும், இல்லேன்னா காத்துல கூடு ஆடும். மூணாம் நாள் வர்றேன். மழை விழுறதுக்குள்ள கூடு தயாரா இருக்கணும், நான் முட்டை வைக்கணும். முடிச்சிருவீங்களா?"

"மூணு நாள் எதுக்கு? ஒரு நாள் போதும்."

அது பொய் இல்லை. சின்னராசு உட்கார்ந்து வேலை செய்தால் ஒரே நாளில் முடித்துவிடும். உட்கார வேண்டும், அதுதான் சங்கதி.

அன்று காலையில் சின்னராசு வயலுக்குப் போய்ப் பத்து நார் கிழித்தது. திரும்பும் வழியில், அப்படியே களிமண்ணும் எடுத்துப் போய்விடலாம் என்று குளக்கரையில் இறங்கியது. குளக்கரைக் களிமண்தான் நல்ல களிமண் என்று அது உறுதியாக நம்பியது. அந்தக் களிமண்ணுக்கு நேர் மேலே, பூவரச மரத்தில், மாயாண்டிக் காக்கை கடை வைத்திருந்தது.

அடடா, என்ன கடை அது! கிளைக்குக் கிளை சாமான் தொங்கும். சிவப்பு ரிப்பன், மிட்டாய்த் தாள், சட்டைப் பொத்தான், உடைந்த வளையல் துண்டு, ஆட்டுக்குட்டியின் கழுத்திலிருந்து அறுந்து விழுந்த சின்ன மணி. வெயில் பட்டால் மரமே மினுக்கும். அங்கே நார்தான் செலாவணி. நாரைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம், சாமானைக் கொடுத்து நார் வாங்கலாம். மாயாண்டி யாரையும் வாங்கச் சொல்லவே சொல்லாது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

"வாங்க தம்பி. வாங்க வேண்டாம், சும்மா பாருங்க. பாக்குறதுக்கு என்ன செலவா?" என்றது காக்கை.

சின்னராசு நாரைக் கிளையில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்தது.

"அந்த ரிப்பனைப் பாக்குறீங்க போல. அது ஒண்ணுதான் இருக்கு. நேத்து மைனா வந்து கேட்டுச்சு. இல்லேன்னுட்டேன். இதைக் கட்டுறதுக்கு ஒரு வாசல் வேணும்ல?"

"என்ன விலை அண்ணாச்சி?"

"உங்ககிட்ட என்ன விலை பேசுறது? அந்தப் பத்து நாரை வச்சிட்டுப் போங்க."

சின்னராசு ரிப்பனோடு வீடு திரும்பியது. நாரும் இல்லை, களிமண்ணும் இல்லை. ஆனாலும் ரிப்பன் காற்றில் ஆடியபோது மனசு நிறைந்துபோனது. "குஞ்சுகள் பிறக்கப்போகிற வீடு. வாசல் லட்சணமாக இருக்க வேண்டாமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மறுநாள் காலையில் மறுபடியும் வயல், மறுபடியும் பத்து நார், மறுபடியும் அதே களிமண். இந்த முறை மாயாண்டி மணியை லேசாகத் தட்டிக் காட்டியது. கிணிங் என்றது. சின்னராசுவுக்கு அங்கேயே வேலை மறந்துவிட்டது.

"என்ன விலை?"

"பதினாலு நார். உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

நாலு நார் குறைந்தது. நாலு நாருக்காக அவ்வளவு தூரம் வயலுக்குப் போவதா? வீடு இதோ, பக்கத்தில்தான். சின்னராசு பறந்து போய்க் கூட்டின் அடியிலிருந்து நாலே நாலு நாரை உருவியது. அடியைப் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு தடவை உருவிவிட்டால் அடுத்த தடவை கை கூசாது. குருவிக்கு அலகு கூசவில்லை. மத்தியானம் ஒரு சோடா மூடிக்காகப் பதினைந்து நார் போனது. அதற்குப் பிறகு ஒரு பொத்தான். அதற்குப் பிறகு, பொத்தானுக்கு ஜோடியாக இன்னொரு பொத்தான்.

பக்கத்து ஓலையில் பேச்சிமுத்து என்ற குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கிய குருவி. ஆனால் அதன் கூடு மளமளவென்று வளர்ந்திருந்தது.

"நல்ல நாரா இருக்கே, எந்த வயல்ல கிழிச்ச?" என்று கேட்டது சின்னராசு.

"வயலா? அந்த வெயில்ல யாருப்பா போறது?" என்றது பேச்சிமுத்து. "ரோட்டுல ஒரு சோடா மூடி கிடந்துச்சு. மாயாண்டி அண்ணாச்சிகிட்ட குடுத்தேன். பத்து நார் குடுத்தாரு. எவனோ ஒரு கெட்டிக்காரன் கிழிச்ச நார் போல. என்ன நீளம், என்ன வழவழப்பு, பாரேன்."

சின்னராசு பார்த்தது. அது தானே கிழித்த நார். பத்து நாருக்குக் கடைக்கு வந்த மூடி, பதினைந்து நாருக்குச் சின்னராசுவின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரன் என்றதில் சந்தோஷமாக இருந்தது, மற்றதில் ஏமாந்தது புரிந்தது. இனிமேல் கடைப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தியம் செய்தது. சாயங்காலம், சத்தியத்தைக் காப்பாற்றும் உறுதி தனக்கு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கடைக்குப் போனது. திரும்பி வரும்போது அலகில் ஜிகினாத் தாள் இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே செவந்தி வந்தது. வானத்தின் தெற்கு மூலையில் மேகம் சேர்ந்திருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தபோதே செவந்தி அசந்துவிட்டது. ரிப்பன் ஆடுகிறது, மணி அடிக்கிறது, மூடி மின்னுகிறது, ஜிகினா தகதகக்கிறது.

"கூடா இது? திருவிழாத் தேர் மாதிரில்ல இருக்கு" என்றது.

"உள்ளே போய்ப் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்தியது சின்னராசு.

செவந்தி உள்ளே போனது. போன வேகத்தில் அடிவழியாக வெளியே வந்தது. நல்லவேளை, அதற்குச் சிறகு இருந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சமாளித்து எழும்பி, படபடக்க வந்து ஓலையில் உட்கார்ந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டது. "என் முட்டைக்குச் சிறகு இருக்குங்களா?"

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டது.

"நான் மணி கேட்டேனா? மூடி கேட்டேனா? அன்னைக்கு நான் பாத்தது எவ்வளவு நல்ல கூடு. அதை எங்கே கொண்டுபோய்த் தொலைச்சீங்க?"

"தொலைக்கலைங்க. அதைக் குடுத்துத்தான் இதெல்லாம் வாங்கினேன்."

சொல்லும்போதே சின்னராசுவுக்கு அழுகை வந்துவிட்டது. செவந்திக்குக் கோபம் ஒரு படி இறங்கியது. அது மேகத்தைப் பார்த்தது.

"சாயங்காலத்துக்குள்ள மழை வந்துரும். முதல் துளி விழும்போது வருவேன். கூடு இருந்தா இருப்பேன். இல்லேன்னா அக்கரைப் பனைக்குப் போயிருவேன். எனக்கும் வேற வழி இல்லைங்க." செவந்தி பறந்து போனது.

சின்னராசு அவசர அவசரமாக எல்லாச் சாமானையும் அவிழ்த்துக் கடைக்குக் கொண்டுபோனது.

"அண்ணாச்சி, இதையெல்லாம் எடுத்துக்கிட்டு என் நாரைக் குடுங்க."

"வித்த சாமானைத் திருப்பி எடுக்குறது நம்ம கடையில பழக்கமில்லையே தம்பி" என்று காக்கை தலையைச் சொறிந்தது. "சரி, நீங்க கேட்டு மறுக்க முடியுமா? எல்லாத்துக்கும் சேத்து அஞ்சு நார் தர்றேன்."

ஐந்து நாராவது கிடைத்ததே என்று சின்னராசு வாங்கிக்கொண்டது. திரும்பும்போது கண்ணில் ஒரு மயிலிறகுத் துண்டு பட்டது. பச்சையும் நீலமுமாக, கண்ணைப் பறித்தது.

"இது என்ன விலை?" என்று அதன் வாய் கேட்டது.

"அஞ்சு நார்" என்றது மாயாண்டி.

பாதி வழியில்தான் சின்னராசுவுக்குப் புத்தி வந்தது. அலகில் மயிலிறகு இருக்கிறது, நார் இல்லை. வெட்கமும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தன. மயிலிறகைக் குளத்தில் போட்டுவிட்டு வயல் வரப்பில் போய் உட்கார்ந்தது.

"என்னை நம்பி என்னை அந்த வழியாக அனுப்ப முடியாது" என்று யோசித்தது. வயலுக்கும் பனைக்கும் நடுவில்தான் பூவரசமரம் இருந்தது. சுற்றிப் போனால் நேரம் பத்தாது. கண்ணை மூடிக்கொண்டு பறக்கலாமா? மரத்தில் முட்டிக்கொள்ளும். காதைப் பொத்திக்கொள்ளலாமா? சிறகால் காதைப் பொத்தினால் எதை வைத்துப் பறப்பது?

அப்போதுதான் ஒன்று விளங்கியது. கெடுப்பது கண் இல்லை. ரிப்பனை எத்தனையோ பறவைகள் பார்த்துவிட்டுப் போயின. கெடுப்பது காதும் இல்லை. கெடுப்பது வாய். 'என்ன விலை' என்று கேட்ட பிறகு, சின்னராசு வாங்காமல் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

வரப்பை ஒட்டி வாய்க்கால் ஓடியது. வாய்க்கால் ஓரத்தில் களிமண் இருந்தது. வழவழவென்ற நல்ல களிமண். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. அதற்கு மேலே கடை இல்லாததால் சின்னராசுவின் கண்ணில் படவில்லை.

சின்னராசு மளமளவென்று நார் கிழித்து அலகு நிறையக் கவ்வியது. பிறகு அலகைக் களிமண்ணில் ஒரு புரட்டுப் புரட்டியது. மண் அப்பிக்கொண்டு அலகு இறுகிவிட்டது. இனி வீட்டுக்குப் போய்ச் சுரண்டினால்தான் வாய் திறக்கும்.

பூவரசமரத்தைத் தாண்டும்போது மாயாண்டி கூப்பிட்டது. "தம்பி, நீல வளையல் துண்டு வந்திருக்கு. சும்மா பாருங்க."

பழக்கம் விடுமா? சின்னராசுவின் கால் கிளையில் உட்கார்ந்துவிட்டது. வளையல் துண்டு உண்மையிலேயே அழகாக இருந்தது.

"ம்ம்" என்றது சின்னராசு. அவ்வளவுதான் வந்தது.

"பத்து நார்."

"ம்ம்."

மாயாண்டி அதை உற்றுப் பார்த்தது. இப்படி அசையாமல் பேரம் பேசும் ஆளை அது பார்த்ததே இல்லை. "சரி, எட்டு."

"ம்ம்."

"அஞ்சு. எனக்குக் கட்டாது, இருந்தாலும் அஞ்சு. என்ன தம்பி, ரொம்பக் கறாரா இருக்கீங்க? மூணு. ஒண்ணு. சரி, சும்மாவே எடுத்துக்கிட்டுப் போங்க, தொலையுது!"

சும்மா! சின்னராசுவின் கண் விரிந்தது. ஆனால் சும்மா கொடுத்ததை வாங்குவதற்கும் வாய் திறக்க வேண்டும். அலகுக்குள் இடமும் இல்லை. அது வளையலை ஒரு தடவை பார்த்தது, வானத்தை ஒரு தடவை பார்த்தது, பறந்துவிட்டது. முதல் முறையாக அந்தக் கடையிலிருந்து வெறுமனே திரும்பியது. பாதி வழி வருவதற்குள் வளையல் என்ன நிறம் என்பதே அதற்கு மறந்துபோனது.

வீட்டுக்கு வந்து அலகிலிருந்த களிமண்ணைக் கூட்டின் உள்சுவரில் தேய்த்தது. மண்ணுக்கு மண்ணும் ஆயிற்று, நாருக்கு நாரும் ஆயிற்று. மறுபடி வயல், மறுபடி வாய்க்கால். நாலாவது நடைக்கு மேல் மாயாண்டி கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. இதோடு பேரம் பேசினால் கடையையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அதற்குப் பயம் வந்துவிட்டது.

சின்னராசு அடியை நெருக்கிப் பின்னியது. வாசல் குழாயை ஒரு முழத்துக்கு இறக்கியது. சிறகு வலித்தது, கால் மரத்துப்போனது. அது நிறுத்தவில்லை. கடைசி முடிச்சை இழுத்துக் கட்டும்போது முதுகில் ஒரு துளி விழுந்தது.

செவந்தி வந்துவிட்டது. இந்த முறை உள்ளே போவதற்கு முன் அடியை ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு மெதுவாக உள்ளே நுழைந்தது. வெளியே மழை கொட்டத் தொடங்கியது. சின்னராசு ஓலையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு சொட்டுக்கூட ஒழுகலை. வெளியே நனைஞ்சுக்கிட்டு என்ன செய்றீங்க, உள்ளே வாங்க."

சின்னராசு உள்ளே போனது. செவந்தி அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அலகிலிருந்து கன்னம் வரைக்கும் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"களிமண்ணைக் கூட்டுல அப்பச் சொன்னா, மூஞ்சியில அப்பிக்கிட்டு வந்திருக்கீங்களே?"

"கூட்டைவிட எனக்குத்தாங்க அது முதல்ல தேவைப்பட்டுச்சு" என்றது சின்னராசு.

வாங்காமல் இருக்கத் தெரியாதவர்கள், விலை கேட்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.