அவிழ்ந்த நாலு சடை

"நாலு சடை அவிழ்ந்துபோச்சும்மா! பத்து மாசம் கட்டிக் காத்தது!"

மருதையா கத்திக்கொண்டே மலைப்படி ஏறி வந்தார்.

செண்பகத்தம்மை குடில் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் அவர்தான் சீடர். அவளுடைய சடை முழங்கால்வரை தொங்கும். அவருடையது இப்போதுதான் பிடரியில் திரளத் தொடங்கியிருந்தது.

அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார் மருதையா. வாரம் ஒருமுறைதான் தண்ணீர் காட்டுவார். ஈரம் தங்கினால் நாறும் என்று உச்சிவெயிலில் உட்கார்ந்து காயவைப்பார். அடிமயிரில் திருநீறு தொட்டு, ஒவ்வொரு புரியாக உள்ளங்கையில் உருட்டுவார். துணி சுற்றித்தான் படுப்பார். தலையில் விறகு சுமக்கச் சொன்னால் மாட்டேன் என்பார்.

"எப்படி அவிழ்ந்தது?"

"நீங்க கீழே தூக்கிட்டுப் போகச் சொன்னீங்களே, அந்தக் காய்ச்சல்காரக் கிழவன்! முதுகுல ஏத்தினா, கயிறு மாதிரி என் தலையைப் பிடிச்சுத் தொங்குறான். விடுய்யான்னா விடமாட்டேங்கிறான்!"

அவள் கை நின்றது.

"அவர் இப்ப எங்க?"

"பாதிப் படியில இறக்கி வச்சுட்டேன்."

முறம் எட்டப் போய் விழுந்தது. அம்மை எழுந்த வேகத்தில் மருதையா ஓரடி பின்வாங்கினார்.

"இந்த வெயில்லயா?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. இறங்கி ஓடினாள்.

பெரியவர் படியோரம் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. அம்மை அவரை முதுகில் தூக்கிக்கொண்டாள். நினைவு தப்பிய கை அவள் சடை ஒன்றை இறுகப் பற்றியது.

"பாருங்க! இப்படித்தான் என்னையும் பிடிச்சான்!"

அம்மை இறங்கினாள்.

மருதையா விடவில்லை. பின்னாலேயே போனார்.

"உங்களுக்கு மட்டும் ஏன் அவிழல? எனக்குச் சொல்லாம என்னத்தைப் பூசுறீங்க?"

இருநூறு படி. அவளுக்கு மூச்சிரைத்தது.

"பத்து மாசமா கேக்கிறேன். வாயே திறக்கமாட்டீங்க!"

அடிவாரத்தில் ஓர் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிப் பெரியவரைப் பின்சீட்டில் சாய்த்தாள். பிடித்த பிடியை அவர் விடவில்லை. ஆட்டோக்காரர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பெரியவர் வீறிட்டு அலறினார்.

"அவரை விடுப்பா" என்றாள் அம்மை.

பக்கத்தில் நின்ற இளநீர்க்காரரிடம் கை நீட்டினாள். அரிவாள் வந்தது. சடையை ஆட்டோக் கம்பியில் வைத்தாள்.

ஒரே வெட்டு.

"அம்மா! இருபது வருஷச் சடை!"

அறுந்த சடையை நெஞ்சோடு அணைத்தபடி பெரியவர் அடங்கினார்.

அம்மை அரிவாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தை அப்படி ஒரு கோபத்தில் மருதையா பார்த்ததே இல்லை.

"ஏறு" என்றாள். "அவருக்கு இன்னொரு கை இருக்கு. அது உன் சடையைப் பிடிச்சுக்கட்டும்."