பூட்டிய களஞ்சியமும் பதில் சொல்லாத நிபுணரும்

வேழமலை நாட்டு மன்னர் அமுதகேசரிக்குப் புதியது என்றால் போதும். நன்றாக உழைக்கும் பொருளைக்கூட, யாராவது 'பழையது' என்று முகம் சுளித்தால் அன்றே மாற்றிவிடுவார். அரண்மனைக் களஞ்சியத்துப் பூட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டளை எழுதினால் கதவு திறக்கும் கணினியை வைத்ததும் அப்படித்தான்.

அந்தக் கணினியின் மொழி தெரிந்தவர் நாட்டில் ஒரே ஒருவர், மகாநிபுணர் தாண்டவராயர். அவரிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. சந்தேகம் கேட்டால், "இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி" என்பார். அப்போது என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டால், "அதுவும் ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்பார்.

அரசவையில் சேந்தன் என்று ஒரு விகடன் இருந்தான். தாண்டவராயருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவனை மாட்டிவிடவே, "கணினியை அவனிடம் கொடுங்கள் மன்னா, கெட்டிக்காரன்" என்று சிபாரிசு செய்தார்.

ஊருக்கு அரிசி அளக்கும் நாள் வந்தது. அரிசி இருந்தது முதல் கதவுக்குப் பின்னால். சேந்தன், 'ஒன்றாம் கதவைத் திற' என்று எழுதினான். இரண்டாவது கதவு திறந்தது. உள்ளே மிளகாய் வற்றல். பையோடு வந்த ஜனங்கள் தும்மிக்கொண்டு நின்றார்கள். எத்தனை முறை எழுதினாலும் அதே மிளகாய்தான்.

"பொழுது சாய்வதற்குள் அரிசிக் கதவு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ என் நாட்டில் இருக்கக் கூடாது" என்றார் மன்னர்.

சேந்தன் நிபுணரின் மாளிகைக்கு ஓடினான். "ஐயா, முதல் கதவு ஏன் திறக்கவில்லை?"

"முதலில் கேள்வி கேட்கும் முறையைக் கற்றுக்கொண்டு வாரும்."

"முறை என்ன ஐயா?"

"அதை இங்கே கேட்கக் கூடாது."

"ஜனங்கள் அரிசிக்கு நிற்கிறார்கள்."

"அரிசி எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் தினைக்கு மாறிவிட்டார்கள்."

சேந்தன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். களஞ்சிய வாசலில், நிபுணரின் மாளிகை மாடத்துக்கு எதிரே, மன்னரும் ஜனங்களும் பார்க்க ஒரு மூட்டைமேல் ஏறி நின்றான்.

"இந்த மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டேன். கேளுங்கள், சொல்லித் தருகிறேன். கட்டளைகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும்."

மாடத்து ஜன்னல் படாரென்று திறந்தது. "மேலிருந்து கீழாக."

"பெயர் வைக்கும்போது நடுவில் இடம் விட வேண்டும்."

நிபுணர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். "இடம் விடக் கூடாது. கீழ்க்கோடு போட வேண்டும்."

"எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

நிபுணர் மேல்துண்டு நழுவக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "மூடனே, சுழியத்தில் தொடங்கும். முதல் கதவு சுழியம், இரண்டாவதுதான் ஒன்று. இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிட்டாய்."

சேந்தன் மூட்டையிலிருந்து இறங்கினான். 'சுழியக் கதவைத் திற' என்று எழுதினான். அரிசிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "யார் கேட்டாலும் பதில் சொல்லாதவர் இப்போது மட்டும் எப்படியப்பா சொன்னார்?"

"கேள்வி கேட்டால் அவருக்கு அது வேலை மன்னா. அடுத்தவன் தப்பாகச் சொன்னால் வலி. வேலையைத் தள்ளிப் போடலாம், வலியைப் பொறுக்க முடியுமா?"

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "சரி, நாளைக்கு வேறு சந்தேகம் வந்தால்?"

"கவலை வேண்டாம் மன்னா. சொல்வதற்குத் தப்புகள் என்னிடம் ஏராளமாக இருக்கின்றன."