பூட்டிய அறையின் பூசணம்

குன்னூரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நமச்சிவாயத்தின் வீட்டுக்குக் கீழே ஓர் அறையில் புஷ்பராணி வாடகைக்கு இருந்தாள். தேயிலை ஃபேக்டரியில் வேலை. அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூசணம் கறுத்துப் படர்ந்தது. அவள் புருஷன் செபாஸ்டினுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. இருமி இருமிப் பாயோடு கிடந்தான்.

சுவரைச் சரிசெய்து தரச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை, வாசலில் அக்கம்பக்கத்தார் நிற்க, நமச்சிவாயம் அதட்டினார்.

"ஏம்மா, உள்ளேயே சமைக்கிறீங்க, ஈரத்துணி போடுறீங்க. போதாததுக்கு உன் புருஷன் விடுற மூச்சு. ஒரு வாரத்துல நீயே சுவரை வெள்ளையாக்கணும். இல்லேன்னா காலி பண்ணு."

"சரிங்க சார்," என்றாள் புஷ்பராணி. "சுவருக்கு அந்தப் பக்கம் உங்க ரூம் பூட்டியே கிடக்கு. அங்கே யாரும் சமைக்கல, மூச்சு விடல. அதைத் திறந்து காட்டுங்க. அந்தச் சுவர் மாதிரியே இதையும் ஆக்கிடறேன்."

அத்தனை பேர் முன்னால் மறுக்க வழியில்லாமல் அவர் திறந்தார். தேக்கு பீரோவில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. விழாக்களில் வாங்கிய பொன்னாடைகள் தொட்டதும் கிழிந்தன.

"இங்கே மூச்சு விட்டது யாருங்க சார்?"

வாசலே சிரித்தது.

மறுநாள் கொத்தனார் வந்து நமச்சிவாயத்தின் அறையை மட்டும் பூசிவிட்டுப் போனார். புஷ்பராணியை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் நமச்சிவாயம்.

மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கதையைக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர்கள் ரசித்துச் சிரித்தார்கள். சாவியை யாரும் தரவில்லை. திரும்பி வந்து, செபாஸ்டினை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினாள்.

"கிடைச்சுதா?" என்றான் அவன், மூச்சுக்கு நடுவே.

அவள் பாயைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி இழுத்துப் போட்டாள்.